இருதலை எஞ்சினைப் படைத்த ராபர்ட் ஃபேர்லி

ஒரகடம் கூட்டுரோட்டில் சிக்னலுக்காக நிற்கும்போது இதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு நீளமான டிரெய்லர் ஒன்று ஸ்ரீபெரும்புதூர் சாலைக்குத் திரும்பும். முன்னால் இழுக்கும் வண்டி திரும்பி முடித்திருக்கும். பின்னால் உள்ள நீளப் பெட்டி இன்னும் பழைய சாலையிலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூட்டு. அந்த மூட்டு மட்டும் இல்லையென்றால் அவ்வளவு நீள வண்டி அந்தத் திருப்பத்தில் திரும்பவே முடியாது. நாமும் வீடு வந்து சேர முடியாது.

இதே சங்கடம் 160 வருடங்களுக்கு முன்பு ரயில்வேக்காரர்களுக்கும் இருந்தது, அதுவும் மலைப்பாதைகளில். மலை ஏற வேண்டுமானால் பலமான எஞ்சின் வேண்டும். பலமான எஞ்சின் என்றால் நீளமும் எடையும் கூடும். ஆனால் மலையில் தண்டவாளம் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நீள எஞ்சின் அந்த வளைவுகளில் சிக்கிக்கொள்ளும், இல்லையென்றால் தடம் புரளும். சின்ன எஞ்சின் வளைந்துவிடும், ஆனால் இழுக்காது. எஞ்சினுக்கு மூட்டு வைத்து இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் பிரான்சிஸ் ஃபேர்லி. நம் நாட்டில் வேலை பார்த்தவர். காதலித்துக் கல்யாணம் செய்து, அதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர். அவர் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

ஃபேர்லி 1831-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பாவும் எஞ்சினியர். அந்தக் காலத்தில் ரயில்வே எஞ்சினியர் ஆக பட்டறைதான் கல்லூரி. இங்கிலாந்தின் இரண்டு பெரிய ரயில்வே பட்டறைகளான குரூ, ஸ்விண்டன் இரண்டிலும் தொழில் பழகினார். 1850-களின் தொடக்கத்தில், இருபது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், அயர்லாந்தில் லண்டன்டெரி - கோல்ரெயின் ரயில்வேயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்தது. அதன்பின் இந்தியா. பம்பாய், பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வேயில் நான்கு வருடங்கள் வேலை பார்த்தார்.

பி.பி.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொன்னால் நம் வயதுக்காரர்கள் சிலருக்குப் பெயர் தெரிந்திருக்கும். இன்றைய மேற்கு ரயில்வேக்கு முன்னோடி அது. ஃபேர்லி இருந்தபோது குஜராத்தில் பாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அகலம் 5 அடி 6 அங்குலம், இன்று நாம் பிராட் கேஜ் என்று சொல்கிறோமே, அதேதான். உலகத்தின் அகலமான தண்டவாளங்களில் ஒன்றில் வேலை பார்த்தவர், பிறகு வாழ்நாள் முழுக்கக் குறுகிய தண்டவாளத்துக்காக வாதாடினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1859-இல் லண்டன் திரும்பி, ஆலோசனை எஞ்சினியராகத் தனி அலுவலகம் போட்டார். அங்கேதான் ஜார்ஜ் இங்கிலாந்து என்பவரின் குடும்பத்தோடு பழக்கம் ஏற்பட்டது. ஆளின் பெயரே இங்கிலாந்துதான், குழப்பிக்கொள்ள வேண்டாம். லண்டனில் ஹேட்சம் அயர்ன் ஒர்க்ஸ் என்ற எஞ்சின் தொழிற்சாலையின் முதலாளி. கண்டிப்பான மனிதர். அவருடைய மகள் எலைசா ஆனும் ஃபேர்லியும் காதலித்தார்கள். அப்பா சம்மதிக்கவில்லை. 1862-இல் இருவரும் வீட்டை விட்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மாமனார் சும்மா விடவில்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி 21 வயது ஆகாத பெண்ணின் கல்யாணத்துக்குத் தகப்பன் சம்மதம் வேண்டும். சம்மதம் இருப்பதாக ஃபேர்லி பொய்ப் பிரமாணம் கொடுத்திருக்கிறார் என்று வழக்குப் போட்டார். நிரூபணமானால் சிறை. ஒரு எஞ்சினியரின் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கும்.

குறுக்கு விசாரணையில்தான் கதை தலைகீழானது. ஃபேர்லியின் வக்கீல் கேட்கக் கேட்க, ஜார்ஜ் இங்கிலாந்து ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எலைசா பிறந்தபோது அவருக்கு வேறொரு மனைவி இருந்தார். எலைசாவின் தாயோடு அவரே ஓடிவந்து குடும்பம் நடத்தியவர். சட்டத்தின் பார்வையில் முறையான கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தகப்பன் என்று யாரும் கிடையாது. தகப்பனே இல்லையென்றால் யாருடைய சம்மதம் வேண்டும்? வழக்கு தள்ளுபடி, ஃபேர்லி விடுதலை.

சட்ட நுணுக்கம் என்று பார்த்தால் ரசிக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். புருஷன் ஜெயிலுக்குப் போகாமல் இருக்க, அவள் யாருக்கும் பிறக்காதவள் என்று ஊர் கேட்க நிரூபணமாக வேண்டியிருந்தது. ஃபேர்லி ஜெயித்த வழக்கில் விலை கொடுத்தது எலைசா என்றுதான் எனக்குப் படுகிறது.

வழக்கு முடிந்து இரண்டே வருடத்தில், 1864-இல், ஃபேர்லி தன் எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் என்ன விசேஷம் என்று புரிந்துகொள்ள, எஞ்சின் எப்படி இழுக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுக்காமல் பிடித்து இழுக்க, அதன் மேல் எடை உட்கார வேண்டும். உலர்ந்த தண்டவாளத்தில் அந்தப் பிடிப்பு எடையில் சுமார் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாச் சக்கரத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. நீராவி சுழற்றும் சக்கரங்களுக்கு மட்டும்தான். பழைய எஞ்சின்களில் முன்னால் சில சின்னச் சக்கரங்கள் சும்மா உருளும். பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் என்ற வண்டி வேறு. அதன் எடை முழுவதும் இழுவைக்கு உதவாது. உதவாதது மட்டுமல்ல, அதையும் சேர்த்து மலை மேல் இழுக்க வேண்டும். எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து 40 டன், அதில் இழுக்கும் சக்கரங்களின் மேல் 20 டன் என்றால், மீதி 20 டன் கரண்ட் அக்கவுண்டில் போட்ட பணம். வட்டி வராது, பராமரிப்புக் கட்டணம் மட்டும் போகும். வங்கியில் காலம் கழித்தவனுக்கு இப்படித்தான் புரிகிறது, மன்னிக்கவும்.

ஃபேர்லி சொன்னது இதுதான். சும்மா உருளும் சக்கரமே வேண்டாம். டெண்டரும் வேண்டாம், கரியையும் தண்ணீரையும் எஞ்சின் மேலேயே வைத்துவிடுவோம். இரண்டு பாய்லர்களை முதுகோடு முதுகு ஒட்டவைப்போம். அடுப்பு நடுவில், புகைபோக்கி இரண்டு முனையிலும். இந்த நீள உடம்பை இரண்டு தனித்தனிச் சக்கர வண்டிகளின் மேல் உட்கார வைப்போம். ஒவ்வொரு வண்டிக்கும் தனி சிலிண்டர், தனி பிஸ்டன். ஒவ்வொன்றும் நடுவில் உள்ள ஒரு முளையைச் சுற்றித் திரும்பும். இந்தச் சக்கர வண்டிக்குத்தான் போகி என்று பெயர். நாம் ரயில் பெட்டியையே போகி என்று சொல்லிப் பழகிவிட்டோம், அது வேறு.

வளைவு வரும்போது முன் போகி முதலில் திரும்பும், பின் போகி தன் முறை வந்ததும் திரும்பும், பாய்லர் மேலே நேராகவே இருக்கும். எஞ்சினின் எடை மொத்தமும் இழுக்கும் சக்கரங்களின் மேல். போதாததற்கு, இரண்டு பக்கமும் முகம் இருப்பதால் மலை உச்சியில் எஞ்சினைத் திருப்ப டர்ன்டேபிள் தேவையில்லை. வந்த வழியே திரும்பலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இரட்டை பாய்லர் யோசனை முழுக்க ஃபேர்லியுடையது அல்ல. 1851-இல் ஆஸ்திரியாவின் செம்மரிங் மலைப்பாதைக்காக நடந்த எஞ்சின் போட்டியில் பெல்ஜியத்திலிருந்து வந்த செராயிங் என்ற எஞ்சினும் இதே வடிவம்தான். அது நிலைக்கவில்லை. ஃபேர்லியின் பெருமை, அந்த யோசனையை வேலைக்கு ஆகும்படி செய்து, உலகம் வாங்கும்படி விற்றதில் இருக்கிறது. கண்டுபிடிப்பை விட அது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை.

முதல் எஞ்சின் 1865-இல் வேல்ஸ் நாட்டின் நீத் அண்ட் பிரெக்கான் ரயில்வேக்காகச் செய்யப்பட்டது. முன்னேற்றம் என்று பொருள்படும் புரோகிரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கேற்ற முன்னேற்றம் கிடைக்கவில்லை. இரண்டு பாய்லருக்கும் பொதுவாக ஒரே அடுப்பு என்பதால் காற்றோட்டம் சரியாக அமையவில்லை. பிற்பாடு அடுப்பை நடுவில் தடுத்து இரண்டாக்கித்தான் அந்தக் குறை தீர்ந்தது.

நான்கு வருடம் கழித்து, அதே வேல்ஸில் இன்னொரு ரயில்வே அவருக்கு வாய்ப்புக் கொடுத்தது. ஃபெஸ்டினியாக் ரயில்வே. மலையிலிருந்து ஸ்லேட் கற்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1836-இல் போட்ட பாதை. அகலம் இரண்டு அடிக்கும் சற்றுக் குறைவு. நம் படுக்கையறைக் கதவு அளவுகூட இல்லை. நீளம் பதின்மூன்றரை மைல். கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தானாகவே உருண்டு கீழே வரும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துப் போகும். 1863-இல்தான் நீராவி எஞ்சின் வந்தது. அந்தக் குட்டி எஞ்சின்களைச் செய்து கொடுத்தது யார் தெரியுமா? நம் மாமனார் ஜார்ஜ் இங்கிலாந்துதான்.

சில வருடங்களில் சரக்கு பெருகி, அந்தக் குட்டி எஞ்சின்களால் சமாளிக்க முடியாமல் போயிற்று. பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போடுவதற்கு 1869-இல் பாராளுமன்ற அனுமதியும் வாங்கியாயிற்று. மலையைக் குடைந்து பாதையை இரட்டிப்பாக்குவது என்றால் எவ்வளவு செலவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரயில்வேயின் எஞ்சினியர் சார்லஸ் ஸ்பூனர், அந்தச் செலவுக்குப் பதிலாக ஃபேர்லி எஞ்சினைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். 1869-இல் எஞ்சின் வந்தது. பெயர் லிட்டில் ஒண்டர். செய்தது, வழக்குப் போட்ட அதே மாமனாரின் ஹேட்சம் தொழிற்சாலை! கூண்டில் ஏற்றியவரும் ஏறியவரும் ஏழே வருடத்தில் ஒரே எஞ்சினில் கூட்டு. குடும்பச் சண்டையை வியாபாரம் தீர்த்து வைப்பது நம் ஊரில் மட்டும் நடக்கிற விஷயமில்லை போலிருக்கிறது.

லிட்டில் ஒண்டரின் எடை சுமார் இருபது டன். எட்டுச் சக்கரங்கள், எட்டும் இழுக்கும் சக்கரங்கள். 1870 பிப்ரவரியில் அதை ஓட்டிக்காட்ட ஃபேர்லி ஏற்பாடு செய்தார். ரஷ்யப் பேரரசு பாப்ரின்ஸ்கி பிரபுவின் தலைமையில் ஒரு குழுவையே அனுப்பியது. வேறு நாட்டு எஞ்சினியர்களும் வந்தார்கள். பழைய குட்டி எஞ்சின்களையும் லிட்டில் ஒண்டரையும் அதே ஏற்றத்தில், அதே வளைவுகளில் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டினார்கள். வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இருக்கவில்லை. பாதையை இரட்டிப்பாக்கும் திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

இங்கே ஃபேர்லி ஒரு காரியம் செய்தார். தன் காப்புரிமையை என்றைக்கும் கட்டணமில்லாமல் பயன்படுத்திக்கொள்ள ஃபெஸ்டினியாக் ரயில்வேக்கு உரிமை எழுதிக் கொடுத்தார். தர்மம் அல்ல, வியாபாரம்தான். அந்த ரயில்வே அவருடைய ஷோரூம். அங்கே வந்து பார்த்தவர்கள் ஆர்டர் கொடுப்பார்கள், கட்டணம் அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். கணக்கு பலித்தது. ரஷ்யா, மெக்சிகோ, பெரு, நியூசிலாந்து, அமெரிக்காவின் கொலராடோ என்று எஞ்சின்கள் கப்பலேறின.

இவற்றில் மெக்சிகோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெராகுரூஸ் துறைமுகத்திலிருந்து மெக்சிகோ நகரத்துக்குப் போகும் பாதை 1873-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கடற்கரையிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் இடத்தில் 25 அடி போனால் 1 அடி ஏற்றம். பல் சக்கரம் எதுவும் இல்லாமல், சக்கரப் பிடிப்பை மட்டும் நம்பி ஏற வேண்டிய பாதை. ஃபேர்லி எஞ்சின்கள் அங்கே ஐம்பது வருடம் இழுத்தன. 1911-இல்கூடப் புதிது வாங்கினார்கள், அதாவது ஃபேர்லி இறந்து 26 வருடம் கழித்து. 1920-களில் மின்சாரம் வந்த பிறகுதான் ஓய்வு.

பல் சக்கரம் என்றதும் உங்களுக்கு ஊட்டி ரயில் ஞாபகம் வந்திருக்கும். அங்கே ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. அவ்வளவு செங்குத்தில் எடையை மட்டும் நம்ப முடியாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் பட்டை, எஞ்சினில் அதைக் கவ்வும் பல் சக்கரம். நீலகிரி எஞ்சினுக்கு மூட்டு கிடையாது. மலை ரயில் என்றாலே ஒரே தந்திரம்தான் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஃபேர்லி எஞ்சினும் நம் துணைக் கண்டத்துக்கு வரத்தான் செய்தது. ஆப்கன் போர்க் காலத்தில், 1880 வாக்கில், போலன் கணவாய்ப் பாதைக்காக மீட்டர் கேஜ் ஃபேர்லிகளை இங்கிலாந்தில் செய்து அனுப்பினார்கள். பின்னாளில் அவை பர்மாவில் ஓடின.

மீட்டர் கேஜ் என்றேன். முன்பு மனதில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஃபேர்லிக்கு எஞ்சின் மட்டும் முக்கியமில்லை. குறுகிய தண்டவாளம் போட்டால் செலவு குறையும், செலவு குறைந்தால் ஏழை நாட்டுக்கும் மலைக் கிராமத்துக்கும் ரயில் போகும் என்பது அவர் கட்சி. அகலப் பாதை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பல ஊர்களுக்கு ரயிலே வராது என்ற பொருளில் 1870-களில் புத்தகமே எழுதினார். 3 அடி அகலம் போதும் என்றார். அதே சமயத்தில் இந்தியாவிலும் இந்த விவாதம் சூடாக இருந்தது. பிராட் கேஜுக்குப் பணம் கட்டுப்படியாகவில்லை. மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, கடைசியில் ஒரு மீட்டர் அகலம் என்று தீர்மானமானது. ஃபேர்லி கேட்டதைவிட 86 மில்லிமீட்டர் அதிகம். தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் 2004 வரைக்கும், செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் அகலப்பாதை ஆகும் வரைக்கும் நாம் போய்வந்தது அந்த மீட்டர் கேஜில்தான். அந்த முடிவு ஃபேர்லி ஒருவரால் வந்ததல்ல. ஆனால் குறுகிய பாதையிலும் பெரிய வேலை நடக்கும் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் அவர் முன்வரிசை.

பணம் குவிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. மாமனாரின் தொழிற்சாலையை ஃபேர்லி பெயரில் ஒரு கம்பெனி எடுத்து நடத்தப் பார்த்தது. கொஞ்ச காலத்திலேயே மூடும்படி ஆயிற்று. அதன்பின் பிரிஸ்டலின் ஏவன்சைட், வல்கன் ஃபவுண்டரி போன்ற மற்றவர்கள் செய்ய, அவர் உரிமைக் கட்டணம் மட்டும் வாங்கினார். எஞ்சினிலும் தொல்லைகள் இருந்தன. பாய்லரிலிருந்து திரும்பும் போகிக்கு நீராவி போக வளையும் குழாய் இணைப்பு வேண்டும். அன்றைய இணைப்புகள் தேய்ந்து தேய்ந்து நீராவியைக் கசியவிட்டன. டெண்டர் இல்லாததால் கரியும் தண்ணீரும் அதிக தூரத்துக்குக் காணாது. டிரைவரும் ஃபயர்மேனும் நடுவில் கொதிக்கும் அடுப்புக்கு ஆளுக்கொரு பக்கம், இடுக்கில் நின்று வேலை செய்ய வேண்டும். லிட்டில் ஒண்டரே பதின்மூன்று வருடத்தில், 1882-இல், தேய்ந்துபோய் ஒதுக்கப்பட்டது.

ஃபேர்லிக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1870-களின் நடுவில் ஒரு ரயில் பாதை வேலைக்காக வெனிசுவேலா போனார். அங்கே கடுமையாக நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். பழைய தெம்பு அதன்பின் வரவில்லை. 1885 ஜூலை 31-ஆம் தேதி லண்டன் கிளாபமில் காலமானார். வயது 54. வெஸ்ட் நார்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் போவதற்கு முன்பே, 1884-இல், பிரான்சில் அனடோல் மாலே வேறொரு மூட்டு எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1907-இல் ஹெர்பர்ட் காரட், பாய்லரை நடுவில் தொங்கவிட்டு இரண்டு முனையிலும் எஞ்சின் வைக்கும் வடிவத்துக்கு விண்ணப்பித்தார். அந்த வகையில் மிக ஆரம்ப கால எஞ்சின் ஒன்று 1911-இல் டார்ஜிலிங் மலைக்கு வந்தது. இலங்கையின் மலைநாட்டுப் பாதையிலும் காரட்டுகள் பிற்பாடு ஓடின. இந்த இருவர் வந்ததும் நீராவி உலகத்தில் ஃபேர்லியின் பெயர் மங்கிப்போனது உண்மை.

ஆனால் நீராவி போய் டீசலும் மின்சாரமும் வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. மின்கம்பிக்குக் கசிவு கிடையாது, எப்படி வேண்டுமானாலும் வளையும். ஃபேர்லியின் எஞ்சினைப் படுத்திய அந்தக் குழாய் இணைப்புப் பிரச்சினை காணாமல் போயிற்று. அடுத்த முறை பெங்களூரு ரயிலுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். டபிள்யூ.ஏ.பி. 7 என்று எழுதியிருந்தால், கீழே இரண்டு போகிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று அச்சு, ஆறு அச்சுக்கும் தனித்தனி மோட்டார். சும்மா உருளும் சக்கரம் ஒன்றுகூட இல்லை. டெண்டர் இல்லை. இரண்டு பக்கமும் முகம்.

ஃபெஸ்டினியாக் ரயில்வே இன்றும் ஓடுகிறது, கல்லுக்குப் பதிலாகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு. தங்கள் பட்டறையிலேயே 1879-இல் செய்த மெர்டின் எம்ரிஸ் என்ற இருதலை எஞ்சினை இன்றும் வைத்து ஓட்டுகிறார்கள். 2023-இல் ஜேம்ஸ் ஸ்பூனர் என்ற பெயரில் புத்தம் புதிதாக இன்னொன்றும் செய்து முடித்தார்கள். பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்து, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வடக்கு வேல்ஸில் போர்த்மாடாக் என்ற ஊரில் ஏறிக்கொள்ளலாம். ஏறும்போது டிரைவர் எந்தப் பக்கம், ஃபயர்மேன் எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள்.